81 நிமிடம், 4 பாட்டு: ‘யெஸ்’ குழுவின் ஆல்பத்தைப் பற்றி ரசிகர்களுக்குள் இன்னும் சண்டை ஏன்?

ஒரு ஆல்பம் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் பதில் வரும். ஆனால், 1973 டிசம்பரில் பிரிட்டனில் வெளியான ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ ஆல்பத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சுலபத்தில் முடியாது. “எழுபதுகளின் உச்சம் அதுதான்” என்பார் ஒருவர். “சாமி, ஆளை விடுங்க... முடிவே இல்லாம இழுக்கிறாங்க” என்பார் இன்னொருவர். இருவருமே அதே ‘யெஸ்’ குழுவின் தீவிர ரசிகர்களாக இருப்பார்கள் என்பதுதான் வேடிக்கை.

வெளியானதும் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அமெரிக்காவில் 6-வது இடம். ஆனால், ஆறு மாதத்துக்குள் குழுவின் கீபோர்டு கலைஞரே “இதற்கு மேல் முடியாது” என்று வெளியேறினார். 50 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஆல்பத்தின் மீதான தீர்ப்பு நிலுவையிலேயே இருக்கிறது. ஏன்?

அப்படி என்ன ஆல்பம் இது?

அறுபதுகளின் கடைசியில் பிரிட்டனில் கிளம்பிய ஒரு வகை ராக் இசைதான் ‘புரோக்ரசிவ் ராக்’. மூன்று நிமிடக் காதல் பாட்டு போதாது, மேற்கத்திய செவ்வியல் இசையைப் போல நீண்ட, பல பகுதிகள் கொண்ட படைப்புகளை ராக் குழுவாலும் தர முடியும் என்று நம்பியவர்களின் இசை இது. கிங் கிரிம்சன், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், ஜெத்ரோ டல் எனப் பல குழுக்கள் இந்த வழியில் வந்தன.

அதில் முன்வரிசையில் இருந்தது ‘யெஸ்’. 1972-ல் அவர்கள் வெளியிட்ட ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாடல், ஏறக்குறைய 19 நிமிடம் ஓடி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. மறுபக்கத்தில் இரண்டே பாடல்கள். விமர்சகர்களும் ரசிகர்களும் கொண்டாடினார்கள்.

அடுத்து என்ன செய்வது? ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களையும் நிரப்பினார்கள். ஒவ்வொரு பாட்டும் 18 முதல் 22 நிமிடம்வரை. மொத்தம் சுமார் 81 நிமிடம். சண்டை ஆரம்பித்தது இங்கேதான்.

நான்கு பாட்டும் ஒரே அடிக்குறிப்பு

இந்த ஆல்பத்தின் விதை, இந்திய வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு புத்தகத்தில் இருக்கிறது. பரமஹம்ச யோகானந்தர் 1946-ல் வெளியிட்ட, தமிழில் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ என்று கிடைக்கும் புத்தகம்தான் அது.

யெஸ் குழுவின் முன்னாள் டிரம்மர் பில் புரூஃபோர்டின் திருமணம் 1973 மார்ச்சில் நடந்தது. அங்கே பாடகர் ஜான் ஆண்டர்சன், கிங் கிரிம்சன் குழுவின் தாளக் கலைஞர் ஜேமி மியூரைச் சந்தித்தார். அந்தப் புத்தகத்தைப் பற்றி ஆண்டர்சனுக்குச் சொன்னவர் மியூர். அதே மாதம் இசைப் பயணமாக டோக்கியோவில் இருந்தபோது, அதன் 83-ம் பக்கத்தில் இருந்த ஒரு நீண்ட அடிக்குறிப்பு ஆண்டர்சனைப் பிடித்துக்கொண்டது. இந்து சமய நூல்களின் நான்கு வகைகளைச் சொல்லும் குறிப்பு அது: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம்.

ஆல்பத்தின் நான்கு பாடல் தலைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். முதல் பாட்டு ‘தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட்’ – வெளிப்படுத்தப்பட்டது, அதாவது சுருதி. இரண்டாவது ‘தி ரிமெம்பரிங்’ – நினைவில் வைக்கப்பட்டது, ஸ்மிருதி. மூன்றாவது ‘தி ஏன்ஷியன்ட்’ – பழமையானது, புராணம். நான்காவது ‘ரிச்சுவல்’ – சடங்கு, தந்திரம். பெயர்கள் கிட்டத்தட்ட நேரடி மொழிபெயர்ப்பு.

லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த ரசிகர்களுக்கு இது புரியாத புதிராக இருந்தது. உறையில் ஆண்டர்சன் விளக்கம் எழுதியிருந்தும் பலருக்குப் பிடிபடவில்லை. மறுபுறம், அந்த நூல்களை அறிந்தவர் கேட்டால் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கும். பாடல் வரிகளில் வேதமும் இல்லை, புராணக் கதையும் இல்லை. பொருளைவிட ஒலிக்காகச் சொற்களை அடுக்குவது ஆண்டர்சனின் பாணி. ஒரு அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கட்டிடமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது.

ஸ்டுடியோவுக்குள் வைக்கோல் கட்டு

ஆண்டர்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹோவும்தான் ஆல்பத்தின் அடிப்படையைத் திட்டமிட்டார்கள். பேஸ் கிதாரில் கிறிஸ் ஸ்குவையர், கீபோர்டில் ரிக் வேக்மேன், டிரம்ஸில் ஆலன் ஒயிட். ஜான் லெனனுடன் வாசித்துவிட்டு வந்த ஒயிட்டுக்கு, யெஸ் குழுவுடன் இதுதான் முதல் ஸ்டுடியோ ஆல்பம்.

கிராமப்புறத்தில், இயற்கைச் சூழலில் பதிவு செய்ய வேண்டும் என்பது ஆண்டர்சனின் ஆசை. மற்றவர்களுக்கு லண்டனே வசதி. கடைசியில் லண்டனின் மார்கன் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. ஆண்டர்சனின் ஆசைக்குச் சமாதானமாக ஸ்டுடியோவுக்குள் வைக்கோல் கட்டுகள், ஒரு பொம்மைப் பசு எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். கேலிக்கு இது போதாதா? ஆல்பத்தைக் கிண்டலடிக்கும் எவரும் இந்தப் பசுவை விட்டுவைப்பதில்லை.

வேக்மேனுக்கு ஆரம்பத்திலிருந்தே மனம் ஒட்டவில்லை. பக்கத்து ஸ்டுடியோவில் பிளாக் சப்பாத் குழு ‘சப்பாத் பிளடி சப்பாத்’ ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. அங்கே போய் ஒரு பாட்டுக்குக் கீபோர்டு வாசித்துக் கொடுத்தார். சம்பளமாக வாங்கிக்கொண்டது பீர்.

கேட்காமல் வாங்கியவர்கள், பழகாமல் கேட்டவர்கள்

இந்த ஆல்பத்தைப் பற்றிய கருத்துகளை எடைபோடும்போது ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. யார், எந்தச் சூழலில் கேட்டார்கள் என்பது முக்கியம்.

முதலில் விற்பனை. ஆல்பம் வெளியாவதற்கு முன்பு வந்து குவிந்த ஆர்டர்களை வைத்தே பிரிட்டனில் ‘தங்கத் தட்டு’ தகுதி கிடைத்துவிட்டது. அதாவது, வாங்கியவர்கள் கேட்டுப் பார்த்து வாங்கவில்லை. ‘குளோஸ் டு தி எட்ஜ்’ மீது இருந்த நம்பிக்கையில் வாங்கினார்கள். எனவே, முதலிடம் பிடித்தது முந்தைய ஆல்பத்துக்குக் கிடைத்த பாராட்டு என்றும் சொல்லலாம்.

அடுத்து மேடை. 1973 நவம்பரில், ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, அதை முழுசாக மேடையில் வாசிக்கத் தொடங்கியது குழு. லண்டன் ரெயின்போ அரங்கில் மட்டும் ஐந்து இரவுகள். முதலில் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பாடல்கள், பிறகு புதிய ஆல்பத்தின் 80 நிமிடம். தெரிந்த பாட்டு எப்போது வரும் என்று காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால், யாரும் ஒருமுறைகூடக் கேட்டிராத நான்கு நீளமான படைப்புகள். முணுமுணுப்பு எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பத்திரிகை விமர்சகர்களுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். வார இதழுக்குக் கெடுவுக்குள் எழுத வேண்டும். ஓரிரு முறை கேட்டுவிட்டு 81 நிமிடத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டும். பல விமர்சனங்கள் கடுமையாக இருந்தன. அங்கங்கே அழகு இருக்கிறது, ஆனால் திசை தெரியாமல் அலைகிறது என்பதுதான் அவற்றின் பொதுவான குறை.

மேடைக்கு வந்த சிக்கன் விண்டலூ

ராக் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று இந்தச் சுற்றுப்பயணத்தில்தான் நடந்தது. இடம் மான்செஸ்டர், ஃப்ரீ டிரேட் அரங்கம். வேக்மேன் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சில பகுதிகளில் அவருக்கு வாசிக்க அதிகம் இல்லை. ஆர்கனுக்கு அடியில் படுத்திருந்த உதவியாளர், நிகழ்ச்சி முடிந்ததும் சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டார். சிக்கன் விண்டலூ, புலாவ், அப்பளம், வெண்டைக்காய், பராத்தா என்று வேக்மேன் அடுக்கினார். நிகழ்ச்சிக்குப் பிறகு சாப்பிடத்தான் கேட்டார். ஆனால், சற்று நேரத்தில் மேடைக்கே பார்சல் வந்துவிட்டது. கீபோர்டுகளின் மேலேயே வைத்துச் சாப்பிட்டார்.

சிரிப்புக் கதைதான். ஆனால், அதற்குப் பின்னால் உண்மையான வருத்தம் இருந்தது. தான் நம்பாத இசையை ஒவ்வொரு இரவும் நடிப்பதுபோல வாசிக்க வேண்டியிருந்தது அவருக்கு. 1974 மே 18, அவருடைய 25-வது பிறந்தநாள். குழுவிலிருந்து விலகினார். அவருடைய தனி ஆல்பம் ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’ அந்த மாதமே பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

‘இழுவை’ என்பவர்கள் சொல்வது என்ன?

இந்தத் தரப்பின் முதல் சாட்சி வேக்மேன்தான். ஒரு தட்டுக்கு மேல் சரக்கு இருந்தது, இரண்டு தட்டை நிரப்பப் போதவில்லை, அதனால் பஞ்சு அடைத்தோம் என்பது அவருடைய வாதம்.

ரசிகர்கள் சொல்லும் குறைகளும் இதையொட்டியே இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. மூன்றாம் பக்கத்தின் முதல் பாதியில் தாளக் கருவிகளும் ஸ்டீல் கிதாரும் மோதிக்கொள்ளும் இரைச்சல் காதைக் குத்துகிறது. ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பாடலில் ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதிக்குப் படி கட்டிக் கொடுக்கும். இங்கே ஒரு பகுதி முடிந்து இன்னொன்று வருகிறது, அவ்வளவுதான். “நடுவுல ரெண்டு நிமிஷம் எழுந்து போயிட்டு வந்தாலும் ஒண்ணும் தவறிப்போகாது” என்கிற அலுப்பு அது.

ஒலிப்பதிவு மீதும் குறை உண்டு. பல அடுக்குகளாக வாசித்தது எல்லாம் ஒன்றோடொன்று கலங்கி, தெளிவில்லாமல் கேட்கிறது என்பது பழைய தட்டைக் கேட்ட பலரின் புகார்.

‘அற்புதம்’ என்பவர்கள் சொல்வது என்ன?

இவர்கள் நீளத்தை மறுப்பதில்லை. நீளம்தான் இதன் இயல்பு என்கிறார்கள்.

முதல் பக்கம் கூட்டுக் குரலில், மந்திரம் ஓதுவதுபோலத் தொடங்கி மெல்ல மெல்ல விரிகிறது. கடைசிப் பகுதியில் வேக்மேனின் சின்தசைசர் தனி வாசிப்பு வரும்போது, 15 நிமிடத்துக்கு மேல் சேர்த்துவைத்த அழுத்தம் அவிழ்கிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டால் அந்தச் சுகம் வராது. மூன்றாம் பக்கத்தின் இரைச்சலைத் தாண்டி வந்தவருக்கு, அதன் முடிவில் ஹோவின் ஸ்பானிய பாணி கிதாரும் ஆண்டர்சனின் குரலும் மட்டும் கேட்கும் அமைதி கிடைக்கிறது. இரைச்சல் இல்லாமல் அந்த அமைதிக்கு மதிப்பு இல்லை.

நான்காம் பக்கத்தில் ஸ்குவையரின் பேஸ் முன்னுக்கு வருகிறது. பிறகு டிரம்ஸ் பிரளயம். அது அடங்கியதும் ஒரு மென்மையான பாட்டு. நன்மை, தீமைப் போராட்டத்துக்குப் பிறகு வரும் விடியல் என்று ரசிகர்கள் இதைக் கேட்கிறார்கள்.

இவர்கள் சுட்டிக்காட்டும் இன்னொரு விஷயம் சுவாரசியமானது. பலரால் ‘இழுவை’ எனப்படும் இரண்டாம் பக்கத்தின் அழகே, கடல் அலைபோல எழுந்து தாழும் மெலோட்ரான் ஒலிதான். கீபோர்டு கட்டையை அழுத்தினால் நாடாவில் பதிவான வயலின், குழல் ஓசைகள் ஒலிக்கும் கருவி அது. அதை வாசித்தவர் யார்? ஆல்பத்தை அதிகம் குறைசொன்ன அதே வேக்மேன்!

நடுவில் நிற்பவர்கள்

உண்மையில் பெரும்பான்மை ரசிகர்கள் இந்த இரண்டு அணிக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். “முதல் பக்கமும் நாலாம் பக்கமும் ஓகே. நடுவில் இருக்கும் இரண்டும் பொறுமையைச் சோதிக்கும்” என்பது அடிக்கடி கேட்கும் கருத்து. குழுவின் பிற்கால நடவடிக்கையும் ஏறக்குறைய இதை ஒப்புக்கொள்கிறது. 2016-ல் யெஸ் இந்த ஆல்பத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது முதல் பக்கம், நான்காம் பக்கம், மூன்றாம் பக்கத்தின் கடைசி கிதார் பகுதி ஆகியவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டது.

நீளத்தைத் தீர்மானித்தது யார்?

இந்தச் சண்டையில் பலர் கவனிக்காத ஒரு குற்றவாளி உண்டு. அது இசைத்தட்டு.

நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்தைச் சற்றுத் தாண்டும் வரை நல்ல தரத்தில் பதிய முடியும். அதற்கு மேல் போனால் கோடுகள் நெருங்கும், ஒலி அளவு குறையும். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று முடிவெடுத்தாகிவிட்டது. இப்போது 12 நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டையும் 20 நிமிடம் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் காலியாக நிற்கும். குறுந்தகடு காலமாக இருந்திருந்தால் ஒரு மணி நேர ஆல்பமாகச் சுருக்கி, சிறப்பாக முடித்திருப்போம் என்று வேக்மேன் பின்னாளில் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

அதேசமயம், தட்டு ரசிகருக்கு ஒரு சலுகையும் கொடுத்தது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அங்கே ஒரு இடைவேளை இயல்பாகவே கிடைத்தது. வேண்டுமானால் இன்றைக்கு இது போதும் என்று நிறுத்தலாம். பிடித்த பக்கத்தையே ஒரு மாதம் கேட்கலாம். மேடையிலோ அந்த வசதி கிடையாது. இன்று கைபேசியில் நான்கும் தொடர்ந்து ஓடும்போதும் கிடையாது. அதே இசைதான், ஆனால் கேட்பவரின் களைப்பு வேறு.

கருத்து மாறியிருக்கிறதா?

1976-77ல் பங்க் ராக் வந்தது. இரண்டு, மூன்று நிமிடப் பாட்டு, மூன்று கார்டு, கோபம். அதன் பிறகு புரோக்ரசிவ் ராக்கின் ஆடம்பரத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டுமா, கூப்பிடு ‘டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ஐ என்றானது. பல ஆண்டுகள், ஆல்பத்தைக் கேட்காதவர்கள்கூட அதைக் கேலிசெய்தார்கள்.

பிறகு காற்று மெல்ல மாறியது. 1996 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் பழைய உறுப்பினர்கள் மீண்டும் சேர்ந்து வாசித்தபோது, முதல் பக்கப் பாடலை முழுசாக வாசித்தார்கள். கீபோர்டில் இருந்தது வேக்மேன். 2003-ல் வந்த மறுபதிப்பில், முதல் பாட்டிலிருந்து வெட்டப்பட்டிருந்த சுமார் இரண்டு நிமிட முன்னிசை திரும்பச் சேர்க்கப்பட்டது. நீளம் என்று திட்டிய ஆல்பம் இன்னும் நீளமானது, ரசிகர்கள் அதை வரவேற்றார்கள்! 2016-ல் ஸ்டீவன் வில்சன் புதிதாகக் கலவை செய்த பதிப்பு வந்தது. கலங்கிக் கிடந்த அடுக்குகள் பிரிந்து கேட்டதால், ஒலியைக் குறைசொன்னவர்களில் சிலர் மனம் மாறினார்கள்.

எல்லோரும் மாறிவிடவில்லை. பத்து முறை கேட்டும் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். ‘இன்னும் நாலு தடவை கேளுங்க, புரியும்’ என்று சொல்வது அவர்களுக்கு நியாயமான பதிலும் அல்ல. ஒரு படைப்பு கேட்பவரிடம் பொறுமையைக் கேட்கலாம். அந்தப் பொறுமைக்கு ஈடாக என்ன கொடுத்தது என்று கேட்கும் உரிமை கேட்பவருக்கும் உண்டு.

சுருதி என்றால் கேட்கப்பட்டது. ஸ்மிருதி என்றால் நினைவில் நின்றது. இந்த ஆல்பத்தைப் பற்றிய சண்டையும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. ஒருமுறை கேட்டவரின் தீர்ப்பு ஒன்று, அந்த இசை நினைவில் தங்கிவிட்டவரின் தீர்ப்பு வேறொன்று. இரண்டுமே பொய் இல்லை.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

யெஸ் குழுவை இதுவரை கேட்காதவர் நேரே இங்கே வர வேண்டாம். ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வரலாம். அது 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் தலைப்புப் பாடல் பிடித்தால் அடுத்த அடி வைக்கலாம்.

நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். முதலில் நான்காம் பக்கம், பிறகு முதல் பக்கம், அப்புறம் மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பகுதி. இரண்டாம் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு பதிப்பும் கிடைத்தால் 2016 கலவையைத் தேர்ந்தெடுப்பது காதுக்குச் சுலபம்.

வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால் எதுவும் ஒட்டாது. 20 நிமிடம் உட்கார்ந்து கேட்கும் நேரம் இருந்தால் மட்டும் போடுங்கள். நான்கு நாளுக்குப் பிறகும் எந்த மெட்டும் மனதில் வந்து நிற்கவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதை வாசித்த வேக்மேனுக்கே அப்படித்தான் இருந்தது.